இரவல் படைக்கலமும் இடிந்த நம்பிக்கையும்

நெல்லை விற்றவன் பணத்தைப் பெற்றுக்கொண்டதும் அவ்வியாபாரம் முடிந்துவிடுகின்றது. வாங்கியவன் அதனைக் குற்றி உண்ணலாம். விதைநெல்லாகச் சேமித்தும் வைக்கலாம். விற்றவனுடைய தயவு அவனுக்கு வேண்டுவதில்லை. ஆயுத வியாபாரம் அத்தகையதன்று. ஒரு நாடு தன் நட்பு நாட்டிடம் ஏவுகணையையோ போர்விமானத்தையோ வாங்கும்பொழுது, உதிரிப் பாகங்களுக்கும், பழுது பார்த்தலுக்கும், பயிற்சிக்கும் நெடுங்காலம் அந்நாட்டையே நம்பியிருக்க நேர்கின்றது. ஆதலால் ஆயுத விற்பனையில் பொருளோடு நம்பிக்கையும் கைமாறுகின்றது. இவ்வுண்மையைப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் 1962ஆம் ஆண்டின் இறுதியில் கசப்போடு கற்றுக்கொண்டன.

இரண்டாம் உலக யுத்தத்தில் தோளோடு தோள் நின்று போராடிய நாடுகள் அவை. யுத்தத்தின் பின்னர் பிரித்தானியா தானே அணுகுண்டைச் செய்துகொண்டது. அக்குண்டைச் சுமந்துசெல்ல விமானங்களும் அதனிடம் இருந்தன. ஆயினும் சோவியத் நாட்டின் வான்காப்பு நாளுக்கு நாள் வலுப்பெற்றமையால், அவ்விமானங்கள் இலக்கை அடைவது ஐயத்துக்கிடமாயிற்று. ஆகவே 'புளூ ஸ்ட்ரீக்' என்னும் ஏவுகணையைப் பிரித்தானியா சொந்தமாக உருவாக்க முற்பட்டது. செலவோ பெருகிற்று. ஓரிடத்தில் நிலையாக நிறுத்தப்படும் அவ்வேவுகணை பகைவனின் முதல் தாக்குதலிலேயே அழிந்துவிடும் என்ற அச்சமும் எழுந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அம்முயற்சி கைவிடப்பட்டது.

அதற்கு முந்திய மாதத்தில் பிரதம மந்திரி மக்மில்லன் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவரைச் சந்தித்திருந்தார். பறக்கும் விமானத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மைல் தூரத்துக்கு ஏவத்தக்க 'ஸ்கைபோல்ட்' என்னும் புதிய ஏவுகணையை அமெரிக்கா ஆக்கிக்கொண்டிருந்தது. அதனைப் பிரித்தானியாவுக்கு விற்பதாக ஐசன்ஹோவர் வாக்களித்தார். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள் தங்குவதற்கு ஸ்கொத்லாந்தில் ஒரு துறையைத் தரப் பிரித்தானியாவும் உடன்பட்டது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாக இது முடியுமென அன்று எவரும் எண்ணவில்லை.

1961இல் கென்னடி ஜனாதிபதியானார். அவருடைய பாதுகாப்பு மந்திரி மக்நமரா ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஆகும் செலவையும் அதனால் வரும் பயனையும் கணக்கிட்டுப் பார்ப்பவர். ஸ்கைபோல்ட் அக்கணக்கில் தேறவில்லை. செலவு ஏறிக்கொண்டே போயிற்று. சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோல்வியுற்றன. நிலத்திலிருந்து ஏவும் 'மினிட்மன்', கடலடியிலிருந்து ஏவும் 'பொலாரிஸ்' ஆகிய இரண்டும் அமெரிக்காவிடம் இருந்தன. ஆகவே அமெரிக்காவுக்கு ஸ்கைபோல்ட் பலவற்றுள் ஒன்று. பிரித்தானியாவுக்கோ அஃது ஒன்றே எல்லாம். ஒருவருக்குக் கணக்குப் புத்தகத்தின் ஒரு வரியாயிருந்தது, மற்றவருக்கு நாட்டின் மானமாயிருந்தது.

1962 நவம்பர் மாதத் தொடக்கத்தில், ஸ்கைபோல்ட் கைவிடப்படக்கூடுமென்ற செய்தி வாஷிங்டனிலிருந்த பிரித்தானியத் தூதுவருக்குத் தெரிவிக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் வீணே கழிந்தன. பிரித்தானியர் தமக்கு வேண்டிய மாற்று ஆயுதத்தைத் தாமே கேட்பர் என மக்நமரா காத்திருந்தார். வாக்களித்தவரே மாற்று வழியையும் கூறவேண்டும் எனப் பிரித்தானியப் பாதுகாப்பு மந்திரி தோர்னிகுரொப்ட் காத்திருந்தார். பிரித்தானியாவிடம் தனி அணுவாயுதம் இருத்தலை விரும்பாத அதிகாரிகள் சிலர் அமெரிக்க அரசில் இருந்தனர். அதனால், நண்பன் வேண்டுமென்றே கைவிடுகின்றான் என்ற ஐயம் இலண்டனில் வேரூன்றியது.

டிசெம்பர் 11ஆந் தேதி மக்நமரா இலண்டனில் வந்திறங்கினார். பேச்சுவார்த்தை தொடங்கு முன்னரே, விமான நிலையத்தில் பத்திரிகையாளரிடம் ஸ்கைபோல்ட் சோதனைகள் ஐந்தும் தோல்வியுற்றதைக் கூறிவிட்டார். தனியறையில் நண்பனிடம் சொல்லவேண்டியதை ஊரறியச் சொன்னமை பிரித்தானியரைச் சுட்டது. பத்திரிகைகள் வெகுண்டன, பாராளுமன்றத்தில் ஆளுங்கட்சியினரே கொதித்தனர்.

டிசெம்பர் 18ஆந் தேதி பஹாமாத் தீவுகளின் நசோ நகரில் கென்னடியும் மக்மில்லனும் சந்தித்தனர். மக்மில்லன் பொலாரிஸைத் தவிர வேறெதையும் ஏற்கவில்லை. ஈற்றில் கென்னடி இணங்கினார். ஏவுகணை அமெரிக்காவினது, நீர்மூழ்கிக் கப்பலும் அணுகுண்டும் பிரித்தானியாவினவை. நாட்டின் உயிர்நிலைக்கே ஆபத்து நேரும் வேளையிலன்றி, அப்படை வட அத்திலாந்திக் ஒப்பந்த நாடுகளின் பொதுத் தேவைக்கே உரியதென முடிவாயிற்று. உடன்பாடு 21ஆந் தேதி வெளியாயிற்று. மறுநாளே ஸ்கைபோல்ட் சோதனையொன்று வெற்றி பெற்றதென்பது விதியின் விளையாட்டுப் போலும்!

இரு நாடுகளின் பிணக்கு தீர்ந்தது. ஆனால் அதன் விலையை வேறிடத்தில் கொடுக்க நேர்ந்தது. அதே ஏற்பாட்டைப் பிரான்சுக்கும் கென்னடி அளிக்க முன்வந்தார். பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல் 1963 ஜனவரி 14ஆந் தேதி அதனை நிராகரித்தார். ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பிரித்தானியா சேர்வதையும் அன்றே மறுத்துரைத்தார். அம்மறுப்புக்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும், கடல் கடந்த நண்பனிடம் ஆயுதம் பெறும் நாடு ஐரோப்பாவின் முழுத் துணையாக மாட்டாது என்ற அவருடைய எண்ணத்தை நசோ உடன்பாடு உறுதிப்படுத்திற்று.

இத்துணை நெருங்கிய நட்பு எவ்வாறு இத்துணை குலைந்தது என்பதை அறியக் கென்னடி விரும்பினார். றிச்சட் நியூஸ்ரட் என்னும் அரசியற் பேராசிரியர் அவ்வாய்வை மேற்கொண்டு, 1963 நவம்பர் நடுப்பகுதியில் அறிக்கையைச் சமர்ப்பித்தார். ஒரு வாரத்தின் பின் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். வஞ்சனையைவிட, ஒருவர் மற்றவரின் நெருக்கடியை உணராமையே குழப்பத்துக்குக் காரணமென்பது அவ்வறிக்கை உணர்த்திய பாடம்.

அப்பாடம் பழமையாகிவிடவில்லை. 2016இல் பன்னிரண்டு நீர்மூழ்கிக் கப்பல்களுக்காகப் பிரான்சைத் தெரிந்தெடுத்த அவுஸ்திரேலியா, 2021 செப்டெம்பரில் அவ்வேற்பாட்டைக் கைவிட்டு, அமெரிக்காவோடும் பிரித்தானியாவோடும் புதிய உடன்பாடு கண்டது. பகிரங்க அறிவிப்புக்குச் சில மணி நேரத்துக்கு முன்னரே தனக்குத் தெரிவிக்கப்பட்டதெனக் குறைகூறிய பிரான்சு, வாஷிங்டனிலும் கன்பராவிலும் இருந்த தன் தூதுவர்களைத் திருப்பி அழைத்தது. மறு ஆண்டு ஐம்பத்தைந்தரைக் கோடி யூரோ இழப்பீடாகப் பேசி முடிக்கப்பட்டது. 1962இல் செய்தி கேட்டுத் திகைத்த பிரித்தானியா, 2021இல் செய்தியை மறைத்து வைத்தவர் பக்கத்தில் நின்றது.

ஆயுதத்தின் விலையைக் கணக்கிட்டு இழப்பீடு கொடுத்துவிடலாம். வேளையறிந்து நண்பனிடம் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்கு எவ்வளவு இழப்பீடு கொடுப்பது?