ஆங்கிலச் சட்டத்திற் கூட்டுடைமையும் குடியிருப்போர் உரிமையும்

நிலம் ஒன்று; உரியவர் பலர். இந்நிலையை ஆங்கிலச் சட்டம் நெடுங்காலமாக இருவகைப்படுத்தி நோக்கி வந்துள்ளது. ஒன்று இணையுடைமை. இதிற் பங்கு என்பதே இல்லை. உடையோர் யாவரும் சேர்ந்து ஒருவரேபோல முழு நிலத்துக்கும் உரியர். ஒருவர் இறப்பின் நிலம் எஞ்சியோரைச் சாருமேயன்றி இறந்தவரின் வழித்தோன்றல்களைச் சாராது. மற்றையது பங்குடைமை. நிலம் பிரிக்கப்படாதிருப்பினும் ஒவ்வொருவருக்கும் தனிப்பங்கு உண்டு. அதனை விற்கலாம், மரணசாசனத்தால் வழங்கலாம்.

பங்குடைமை நீதிக்கு இயைந்ததாயினும் விற்பனைக்கு இடையூறாயிற்று. தலைமுறைதோறும் பங்குகள் பெருக, நிலம் வாங்குவோர் பங்காளி ஒவ்வொருவரின் உரிமையையும் தனித்தனியே ஆராய வேண்டியிருந்தது. இவ்விடரைக் களைய எழுந்ததே 1925ஆம் ஆண்டின் ஆதனச் சட்டம். அதன்படி சட்டமுறை உடையோராக நால்வருக்கு மேற்பட்டோர் இருத்தல் இயலாது. அவர்களும் இணையுடைமையாளராகவே இருப்பர். பங்குகள் யாவும் நம்பிக்கைப் பொறுப்பு என்னும் திரையின் பின்னே சென்றன. பொறுப்பாளர் குறைந்தது இருவரிடம் பணம் செலுத்தியவர் நிலத்தைத் தடையின்றிப் பெற்றார். பங்காளிகளின் உரிமை நிலத்தை விட்டு அப்பணத்தைப் பற்றியது.

இச்சீர்திருத்தம் நிலத்தை விற்பொருளாகக் கண்டது. அதில் வாழ்வோரை அவ்வளவாகக் காணவில்லை. மணமான பெண் தன் பெயரில் ஆதனம் வைத்திருக்கும் உரிமையை 1882ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்தியிருந்தது. எனினும் மனைவியும் பணம் கொடுத்து வாங்கிய வீடு கணவன் பெயரில் மட்டும் இருப்பது வழக்கமாயிருந்தது. கணவன் அவ்வீட்டை ஈடு வைப்பின் அவள் கதி யாது? மனைவி வீட்டிலிருப்பது கணவனின் உரிமைக்கு முரணானதன்று. ஆகவே வங்கி அவளை விசாரிக்க வேண்டியதில்லை என 1969இல் கோன்ஸ் வழக்கிற் கூறப்பட்டது.

இக்கருத்தை 1980இற் பிரபுக்கள் சபை போலண்ட் வழக்கில் ஏற்க மறுத்தது. வீட்டு விலையிற் பங்கு கொடுத்து அங்கு உண்மையாகவே குடியிருந்த மனைவியின் உரிமை வங்கியையும் கட்டுப்படுத்தும் என்பது தீர்ப்பு. பதிவேட்டை மட்டுமன்றி வீட்டு வாயிலையும் நோக்குமாறு கடன் கொடுப்போர் பணிக்கப்பட்டனர்.

ஆயின் 1987இல் வேறொரு விளைவு நேர்ந்தது. பெற்றோர் விலையிற் பாதிக்கு மேற் கொடுத்துக் குடியிருந்த வீடு, மகளும் மருமகனும் ஆகிய இருவர் பெயரில் இருந்தது. அவ்விருவரும் அதனைப் பெற்றோர் அறியாது ஈடு வைத்தனர். ஃபிளெக் வழக்கெனப்படும் இதிற் பெற்றோர் தோற்றனர்; பணம் பெற்ற பொறுப்பாளர் இருவராகையால் அவர்தம் உரிமை வீட்டை விட்டு அகன்றது. போலண்ட் அம்மையாரைக் காத்ததும் இவர்களைக் கைவிட்டதும் குடியிருப்பின் வேறுபாடன்று. ஒப்பமிட்டோர் தொகையின் வேறுபாடே.

விற்பனைக்கு முன்னரே பங்கைப் பணமாகக் கருதும் கோட்பாட்டை 1996ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கி, நம்பிக்கைப் பொறுப்பிற் பயன்பெறுவோர் நிலத்திற் குடியிருக்கும் உரிமையையும் வரையறைகளுடன் ஏற்றது. எனினும் இருவர் என்னும் அப்பழைய விதி இன்றும் நிலைத்துள்ளது. வாங்குவோரின் அச்சத்தைத் தீர்க்கப் பிறந்த சட்டம், வாழ்வோரின் அச்சத்தை இன்னும் முற்றாகத் தீர்த்திலது.