ஒரு குளிசையின் அரை நூற்றாண்டு வரலாறு

வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் ஒப்பந்தங்களுமே எமது நினைவுக்கு வருகின்றன. ஆயினும், மருந்தகத்தில் எமது கையில் தரப்படும் ஒரு சிறு குளிசைக்குப் பின்னாலும் நெடிய வரலாறு உண்டு. சூலகப் புற்றுநோய்க்கும், மார்பகப் புற்றுநோயின் சில வகைகளுக்கும் இன்று வழங்கப்படும் ‘பார்ப் தடுப்பான்கள்’ என்னும் மருந்துகளின் கதை அத்தகையது. விஞ்ஞானம் எமது துறையன்று. வரலாறு பயின்று அதனையே கற்பித்தவர்கள் நாம். எனவே இதனை மருத்துவ ஆலோசனையாகவன்றி வரலாறாகவே எழுதுகின்றோம். அவ்வரலாறு எமது குடும்பங்களை நோக்கி ஒரு வினாவை எழுப்புகின்றது என்பதே இதனை இங்கு எழுதுவதற்குக் காரணம்.

1963ஆம் ஆண்டில் பிரான்சின் ஸ்ராஸ்பேர்க் நகரில் பியர் சாம்போன் என்னும் ஆய்வாளரும் அவரது சகாக்களும் கோழியின் ஈரற் கலங்களை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அக்கலங்களின் கருவிலிருந்து பெற்ற சாற்றில், அதுவரை அறியப்படாத ஒரு நீண்ட சங்கிலி மூலக்கூறு உருவாவதற்கான முதற் சான்றினை அவர்கள் கண்டனர். அச்சங்கிலியின் அமைப்பைப் பிரெஞ்சு ஆய்வாளரும் யப்பானிய ஆய்வாளரும் அடுத்த சில ஆண்டுகளில் தெளிவுபடுத்தினர். அதனைக் கட்டும் நொதியத்தின் நீண்ட பெயரது சுருக்கமே ‘பார்ப்’ என்பதாகும். ஆனால் அந்நொதியம் எதற்காக எமது கலங்களில் இருக்கின்றது என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

அதற்கான விடையின் முக்கிய பகுதி 1980ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. எமது உடலின் கலங்களில் பரம்பரைத் தகவலைத் தாங்கி நிற்கும் டீ.என்.ஏ. என்னும் இரட்டை இழை, நாள்தோறும் ஒவ்வொரு கலத்திலும் ஆயிரக்கணக்கான சிறு சேதங்களுக்கு உள்ளாகின்றது. பார்ப் நொதியம் அந்த இழைகளின் காவலாளி போன்றது. ஓர் இழை அறுந்தால் அவ்விடத்தில் சென்று ஒட்டிக்கொண்டு, தன் சங்கிலியைக் கட்டித் திருத்த வேலைக்குரிய ஏனைய புரதங்களை அங்கு வரவழைக்கின்றது. சிட்னி ஷால், பாபரா டூர்காஸ் முதலியோர் அந்நொதியத்தைத் தடுக்கும் ஒரு சிறு மூலக்கூற்றைக் கலங்களில் இட்டபோது, அறுந்த இழைகளின் திருத்தம் தடைப்பட்டதைக் கண்டனர்.

இங்கிருந்து ஓர் எண்ணம் பிறந்தது. புற்றுநோய்க்கு வழங்கப்படும் மருந்துகள் பலவும், கதிர்ச் சிகிச்சையும், நோயுற்ற கலத்தின் டீ.என்.ஏ.யைச் சிதைத்தே அதனைக் கொல்கின்றன. அக்கலத்தின் திருத்தும் ஆற்றலையும் தடுத்துவிட்டால் மருந்தின் வலிமை கூடும் அல்லவா? டூர்காஸ் பின்னர் நியூகாசில் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கு 1990களில் நிக்கொலா கேட்டின், ஹிலரி கல்வேர்ட், ரொஜர் கிறிபின், பேர்னாட் கோல்டிங் முதலிய உயிரியலாளரும் வைத்தியரும் இரசாயனவியலாளரும் ஒன்றுகூடி, வலிமை மிக்க தடுப்பான்களை உருவாக்க முயன்றனர். 2003ஆம் ஆண்டில், பின்னாளில் ருக்காப்பரிப் எனப் பெயர் பெற்ற மருந்து, வேறொரு புற்றுநோய் மருந்துடன் சேர்த்து நோயாளருக்கு முதன்முறையாக வழங்கப்பட்டது. அதுவரை இது ஒரு துணை மருந்தாக மாத்திரமே கருதப்பட்டது.

இதே காலத்தில் வேறொரு ஆய்வு முற்றிலும் வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. தாய், மகள், பேத்தி எனச் சில குடும்பங்களில் மார்பகப் புற்றுநோய் தொடர்ந்து வருவது ஏன் என்று அமெரிக்காவின் மேரி-குளயர் கிங் அம்மையார் ஆராய்ந்தார். அதற்குக் காரணமான ஒரு பரம்பரையலகு 17ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது என 1990இல் அவர் அறிவித்தார். அப்பரம்பரையலகு 1994இல் இனங்காணப்பட்டது, பி.ஆர்.சி.ஏ.-1 என்பது அதன் பெயர். அதன் துணையான பி.ஆர்.சி.ஏ.-2 என்பதை 1995இல் இங்கிலாந்தில் மைக்கல் ஸ்ராட்டன் குழுவினர் கண்டறிந்தனர். டீ.என்.ஏ.யின் இரு இழைகளும் ஒருசேர அறும்போது அதனைப் பிழையின்றித் திருத்துவதற்கு இவ்விரண்டும் வேண்டும் என்பது பின்னர் தெரியவந்தது.

இவ்விரு ஆய்வுகளும் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் சந்தித்தன. ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான சஞ்சிகையின் ஒரே இதழில் இரு கட்டுரைகள் வெளியாகின. ஒன்று, ஷெபீல்டைச் சேர்ந்த தோமஸ் ஹெலடே குழுவினர் நியூகாசில் ஆய்வாளருடன் இணைந்து எழுதியது. மற்றையது, இலண்டனில் அலன் அஷ்வேர்த் குழுவினர், ஸ்டீவ் ஜாக்சன் கேம்பிரிட்ஜில் நிறுவிய கூடோஸ் நிறுவனத்தாருடன் இணைந்து எழுதியது. இரண்டும் கூறிய செய்தி ஒன்றே: பி.ஆர்.சி.ஏ. குறைபாடுள்ள கலங்களைக் கொல்வதற்குப் பார்ப் தடுப்பான் தனியாகவே போதும்.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். ஓர் ஊருக்கு இரு பாதைகள் உண்டெனக் கொள்வோம். ஒன்றை மறித்தால் மக்கள் மற்றைய பாதையால் போய்வருவர். ஆனால் மற்றைய பாதை ஏற்கெனவே உடைந்துபோன ஊரில், எஞ்சிய ஒன்றையும் மறித்தால் அவ்வூர் பிழைக்காது. பி.ஆர்.சி.ஏ. குறைபாட்டைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பெற்ற ஒருவரின் நலமான கலங்களில், மற்றையவரிடமிருந்து வந்த நல்ல பிரதி வேலை செய்கின்றது. புற்றுநோய்க் கலத்திலோ அந்த நல்ல பிரதியும் பெரும்பாலும் இழக்கப்பட்டிருக்கும். ஆகவே தடுப்பானால் நலமான கலம் பெரும்பாலும் தப்பிக்கின்றது, நோய்க்கலம் மடிகின்றது. இவ்விரட்டை இழப்பின் தத்துவம் பழ ஈக்களில் 1922ஆம் ஆண்டளவிலேயே கவனிக்கப்பட்ட ஒன்று. அது மனிதருக்கு மருந்தாக எண்பதாண்டுகளுக்கு மேல் சென்றது.

எனினும் இம்மருந்து கைநழுவிப் போகவும் பார்த்தது. கூடோஸ் நிறுவனத்தில் பிறந்த ஓலாப்பரிப் என்னும் தடுப்பானின் ஆரம்பப் பரிசோதனை 2009இல் நல்ல பயனைக் காட்டியது. ஆனால் 2011இல், பார்ப் தடுப்பான் எனக் கருதப்பட்ட இனிப்பரிப் என்னும் வேறொரு மருந்து பெரிய பரிசோதனையொன்றில் தோல்வி கண்டது. அது உண்மையில் பார்ப் தடுப்பானே அன்று என்பது பின்னரே தெளிவாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் ஓலாப்பரிப்பின் உரிமையாளரான அஸ்ட்ராசெனெக்கா நிறுவனமும் சூலகப் புற்றுநோய்க்கான அடுத்த கட்டப் பரிசோதனையை நிறுத்திவைத்தது. பின்னர், 265 பெண்கள் பங்குபற்றிய முந்திய பரிசோதனையின் தரவுகளை, பி.ஆர்.சி.ஏ. குறைபாடு உடையோர், இல்லாதோர் எனப் பிரித்து மீண்டும் ஆராய்ந்தனர். குறைபாடு உடையோரில், நோய் மீண்டும் வளராதிருந்த இடைக்காலம், மருந்து பெறாதோருக்கு 4.3 மாதங்களாகவும், பெற்றோருக்கு 11.2 மாதங்களாகவும் இருந்தது. 2014 டிசெம்பரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓலாப்பரிப் அங்கீகாரம் பெற்றது.

பின்னர் நோயின் தொடக்கச் சிகிச்சையை அடுத்தே இதனை வழங்கிய பரிசோதனையொன்றில், பி.ஆர்.சி.ஏ. குறைபாடும் முற்றிய சூலகப் புற்றுநோயும் உடைய பெண்களுள், 7 ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தோர் மருந்து பெற்றோரில் 67 சதவீதம், பெறாதோரில் 46.5 சதவீதம். ஆயினும் இது சர்வரோக நிவாரணி அன்று. இரத்தச் சோகை, களைப்பு, குமட்டல் என்பன உண்டு. அரிதாகக் கொடிய குருதி நோயும் ஏற்படலாம். ஏற்கெனவே பல சிகிச்சைகள் பெற்றிருந்தோருக்கான சில உபயோகங்கள், ஆயுளை நீடிக்கவில்லை என்ற ஐயத்தினால் 2022இல் அமெரிக்காவில் மீளப்பெறப்பட்டன.

இவ்வரலாறு எமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. 2011இல் கைவிடப்படவிருந்ததும் 2014இல் அங்கீகாரம் பெற்றதும் ஒரே மருந்துதான். இடையில் மாறியது, அது யாருக்கு உரியது என்ற அறிவு மட்டுமே.

அவ்வறிவின் தொடக்கம் பல வேளைகளில் வைத்தியர் கேட்கும் ஒரு வினாவில் இருக்கின்றது: உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இந்நோய் இருந்ததா? இவ்வினாவின் முன்னர் அகதிக் குடும்பங்களாகிய நாம் தடுமாறுகின்றோம். பாட்டி இறந்தது எந்நோயால் என்பதை அறிந்த பெரியம்மா ஒரு நாட்டிலும், சித்தி வேறொரு நாட்டிலும் இருக்கின்றனர். வைத்தியசாலைக் குறிப்புகள் இடப்பெயர்வுகளில் தொலைந்தன. பெண்பிள்ளைகளின் திருமணப் பேச்சுக் குழம்பும் என அஞ்சி, ‘வருத்தம்’ என்ற ஒரு சொல்லால் நோயின் பெயரை மறைத்த வழக்கமும் எம்மிடம் உண்டு. வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் பிள்ளையையே அழைத்துச் செல்லும் தாய், அப்பிள்ளையின் முன் இதனைச் சொல்லவும் கூசுகின்றாள். அங்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது நன்று.

அச்சமூட்டுவது எமது நோக்கமன்று. மார்பகப் புற்றுநோய்களுள் 5 முதல் 10 சதவீதமானவையே பரம்பரையாக வருவன. குறைபாடு உடைய எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை. ஆனால் அது தாய்வழியால் மாத்திரமன்றித் தந்தைவழியாலும் வரும். ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் அதனைப் பெறும் வாய்ப்புச் சரிபாதி. ஆதலால் அத்தையின் நோயும் கேட்டறிய வேண்டியதே.

ஒரு வெள்ளைத் தாள் போதும். தாய்வழி, தந்தைவழி என இரு பிரிவுகளாக, யாருக்கு, எந்த வயதில், உடலின் எவ்விடத்தில் நோய் வந்தது என எழுதுங்கள். நோயின் பெயர் தெரியாவிடின் ‘மார்பில் கட்டி’, ‘வயிற்றில் நீர்’ என்று கண்டதை எழுதுங்கள். அறிந்த முதியோர் இருக்கும்போதே தொலைபேசியில் கேளுங்கள். காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பத்திரமாகக் கொண்டுவந்த நாம், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல வேண்டிய ஆவணங்களுள் இதுவும் ஒன்று.