கரீனின் மீது எவ்வளவு பழி?

என் பழைய மாணவி ஒருத்தி டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வைத் தமிழில் படித்து முடித்துவிட்டு, "எல்லாத்துக்கும் காரணம் அந்தப் புருஷன்தானே டீச்சர்?" என்று போனில் கேட்டாள். பதில் கொஞ்சம் நீளம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

படிக்காதவர்களுக்கு: கரீனின் பீட்டர்ஸ்பர்க்கில் பெரிய அதிகாரி. மனைவி அன்னாவைவிட இருபது வயது மூத்தவர். அன்னா, விரான்ஸ்கி என்ற ராணுவ அதிகாரியைக் காதலிக்கிறாள். கடைசியில் ரயில் முன் விழுந்து உயிரை விடுகிறாள்.

கரீனின் உணர்ச்சியற்ற மனிதர் என்பது உண்மை. மனைவி கைவிட்டுப் போகிறாள் என்று தெரிந்ததும் முதலில் ஊர் என்ன சொல்லும் என்றுதான் யோசிக்கிறார். ஆனால் இந்தக் கதை 1875 முதல் 1877 வரை ஒரு ரஷ்ய மாத இதழில் தொடராக வந்தது. அந்தக் காலச் சட்டத்தையும் பார்க்காமல் அவர்மேல் தீர்ப்பு எழுதுவது சரியல்ல.

ஜார் ஆட்சியில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விவாகரத்து திருச்சபையின் கையில் இருந்தது. மனம் ஒத்துப்போகவில்லை என்பதெல்லாம் காரணமே ஆகாது. கள்ள உறவு என்றால் நேரில் கண்ட சாட்சி வேண்டும். நாவலில் கரீனின் கடிதங்களை நம்பி வக்கீலிடம் போகிறார். அது போதாது என்று வக்கீல் சொல்லிவிடுகிறார். (பேசிக்கொண்டே அந்துப்பூச்சி பிடிக்கும் அந்த வக்கீலை மறக்கவே முடியாது!) குற்றம் யார்மேல் தீர்ப்பாகிறதோ, அவர் மறுமணம் செய்ய முடியாது. இந்தத் தடை 1904-இல்தான் தளர்ந்தது.

இப்போது யோசியுங்கள். அன்னா குற்றவாளி என்று விவாகரத்து ஆனால், அவள் விரான்ஸ்கியைக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. அவளுக்கு உண்மையான விடுதலை வேண்டுமென்றால், தப்பே செய்யாத கரீனின் 'நான்தான் சோரம் போனேன்' என்று பொய்ச்சாட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். அவரோ கடவுள் பக்தி உள்ளவர். அப்படியும், பிரசவக் காய்ச்சலில் அவள் சாகக் கிடந்தபோது அவளையும் விரான்ஸ்கியையும் மன்னிக்கிறார். விரான்ஸ்கிக்குப் பிறந்த பெண் குழந்தையைத் தானே கவனித்துக்கொள்கிறார். பிறகு அந்தப் பொய்ப்பழியைச் சுமக்கவும், மகனை விட்டுக்கொடுக்கவும் சம்மதிக்கிறார். வேண்டாம் என்றது அன்னாதான்! அந்தப் பெருந்தன்மையை அவளால் தாங்க முடியவில்லை. இந்த இடத்தைப் பலர் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அவரை முழுக்க விடுவிக்க எனக்கும் மனமில்லை. பின்னாளில் அவளே விவாகரத்துக் கேட்டுக் கெஞ்சும்போது, தூக்கத்தில் குறி சொல்லும் ஒரு பிரெஞ்சுக்காரனின் உளறலைக் கேட்டு மறுக்கிறார். சட்டம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அதைவிடக் கொடுமை, மகன் செரியோஷாவிடம் அம்மா செத்துவிட்டாள் என்று லிதியா இவானோவ்னா சொல்ல, இவரும் ஆமாம் என்கிறார். பிள்ளைகளோடு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவள் நான். அதற்கு மட்டும் என்னிடம் மன்னிப்பு கிடையாது. பையன் அதை நம்பவும் இல்லை. தெருவில் போகிற பெண்களிலெல்லாம் அம்மாவைத் தேடுகிறான்.

அன்னா இறந்தபின் அந்தப் பெண் குழந்தையை விரான்ஸ்கி கரீனினிடமே கொடுத்துவிடுகிறான். சட்டப்படி அவள் ஏற்கெனவே கரீனினின் மகள்தான்.