ஒன்பது மணி கேட்

போன வருஷம் பூஜை லீவுக்கு அம்பத்தூரிலிருந்து குடும்பத்தோடு ஊட்டி கிளம்பினோம். அப்பா, அம்மா, பாட்டி, தங்கச்சி, நான், அப்புறம் வாடகை வண்டி ஓட்டிய டிரைவர் அண்ணன். நேராக மேட்டுப்பாளையம் வழியாகப் போயிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. "பந்திப்பூர், முதுமலை ரெண்டு நேஷனல் பார்க்கையும் பார்த்துட்டே போகலாம்" என்று ஐடியா கொடுத்த புண்ணியவான் அடியேன்தான்.

பூந்தமல்லியில் ஆரம்பித்து வேலூர், கிருஷ்ணகிரி, பெங்களூர், மைசூர் என்று பந்திப்பூருக்கு சுமார் 570 கிலோமீட்டர். பெங்களூர் டிராஃபிக்கைப் பற்றித் தனிப்பதிவே போடலாம், விடுங்கள். குண்டல்பேட்டை தாண்டி செக்போஸ்டுக்குப் போனபோது மணி ஒன்பதே கால். கேட் மூடியாச்சு. இனி காலை ஆறு மணிக்குத்தான்.

அப்பா கெஞ்சிப் பார்த்தார். "கோர்ட் ஆர்டர் சார்" என்று முடித்துவிட்டார் காவலர். குண்டல்பேட்டைக்கே திரும்பி வந்து கிடைத்த ஒரே ரூமில் எல்லோரும் முடங்கினோம். அப்பா என்னோடு பேசவில்லை. அந்த கேட்டை யார்தான் போட்டது என்கிற கடுப்பில்தான் வீட்டுக்கு வந்ததும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கதை மைசூர் மகாராஜாக்களின் வேட்டையில் ஆரம்பிக்கிறது. அவர்கள் புலி சுட்ட காட்டில் ஒரு பகுதியைத்தான் 1931-ல் சரணாலயம் ஆக்கினார்கள். அப்போது வெறும் 90 சதுர கிலோமீட்டர். 1941-ல் அதைப் பல மடங்கு பெரிதாக்கி வேணுகோபால் பார்க் என்று பெயர் வைத்தார்கள், பக்கத்து மலைமேல் இருக்கும் கோபாலசுவாமியை வைத்து. இந்தப் பக்கம் முதுமலை சரணாலயம் 1940-ல் வந்தது. நம்ம கிண்டி மட்டும் என்ன? அதுவும் பழைய வேட்டைக்காடுதான். அரசு அதை 1821-ல் ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு வாங்கியது. நேஷனல் பார்க் ஆனது 1978-ல். ஆக, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் தங்களுக்கென்று ஒதுக்கி வைத்ததால்தான் இந்தக் காடெல்லாம் மிச்சமிருக்கிறது. எனக்கு இது ஜீரணிக்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. இன்னொரு பக்கம், நாகரஹொளேயில் தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்து வாழ்ந்த ஜேனு குறும்பர்களைப் பின்னாளில் 'பாதுகாப்பு' என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். அவர்கள் உரிமையைப் பேச 2006-ல்தான் வன உரிமைச் சட்டம் வந்தது.

பந்திப்பூர் 1973-ல் புலிகள் திட்டத்தில் சேர்ந்தது. காட்டைக் காப்பாற்றியாச்சு, ஆனால் நடுவே ரோடு இருக்கிறதே! ராத்திரி வண்டிகளில் அடிபட்டு மான், யானை என்று செத்துக்கொண்டே இருந்தன. 2009 ஜூனில் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் இரவுத்தடை போட்டது, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே வாபஸ் வாங்கியது. விஷயம் கோர்ட்டுக்குப் போய், 2010 மார்ச்சில் கர்நாடக ஐகோர்ட் தடையை உறுதி செய்தது. ஆம்புலன்சுக்கும் ஒருசில பஸ்களுக்கும் மட்டும் விலக்கு.

எல்லோருக்கும் இதில் சந்தோஷம் இல்லை. பகலிலும் மூடிவிடுவார்களோ என்ற பயத்தில் 2019-ல் சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் உண்ணாவிரதமே இருந்தார்கள். நாங்கள் நின்ற வரிசையிலும் கேரளாவுக்குத் தக்காளி ஏற்றிய லாரி ஒன்று இருந்தது. "ஒன்பது மணி நேரம் தம்பி, பாதி வெந்துடும்" என்றார் அந்த டிரைவர். பி.காம்-ல் வாய்ப்புச் செலவு என்று ஒரு பாடம் வரும். பரீட்சையில் பத்து மார்க் வாங்கியிருக்கிறேன், ஆனால் புரிந்தது அன்றைக்குத்தான். யானை நிம்மதியாக ரோடு தாண்டுவதற்கான செலவு அந்த லாரிக்காரர் கணக்கில் ஏறுகிறது. எங்கள் கணக்கில் ஒரு ராத்திரி ரூம் வாடகை, அவ்வளவுதான். அதற்கே அப்பா அந்தக் குதி குதித்தார் :-)

தடை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த லாரிக்காரருக்கு யாராவது ஏதாவது கொடுத்தார்களா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

காலை ஆறுக்கு கேட் திறந்தது. ஒரே பனி. கொஞ்ச தூரத்தில் நடு ரோட்டிலேயே யானை லத்தி, ஆவி பறந்துகொண்டிருந்தது. "இப்பத்தான்டா போயிருக்கு" என்றாள் பாட்டி. அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு, டிரைவர் அண்ணனிடம் மெதுவாகப் போகச் சொன்னார்.