703 என்னும் எண்ணும் எஸ். எஸ். பிள்ளையின் நிறுவலும்

முன்னுரை

திருநெல்வேலிச் சீமையின் அறிவு வரலாறு பெரிதும் இலக்கியம், சமயம், விடுதலைப் போராட்டம் ஆகியவற்றைக் கொண்டே எழுதப்பட்டு வருகிறது. தாமிரபரணியின் துணையாறான சிற்றாறு பாயும் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளையின் எண் கோட்பாட்டுப் பணி அதில் குறைவாகவே பேசப்படுகிறது. 1940இல் அவர் நிறுவியது யாது, அவருக்கு முன்பே அறியப்பட்டிருந்தது யாது என்பதைப் பிரித்துக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாரிங்கின் வினா

எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாகவோ, ஒன்பது கனங்களின் கூட்டலாகவோ, பத்தொன்பது நான்காம் அடுக்குகளின் கூட்டலாகவோ எழுதலாம் என்றும், உயர் அடுக்குகளுக்கும் இத்தகைய எல்லை உண்டு என்றும் இங்கிலாந்துக் கணித அறிஞர் எட்வர்டு வாரிங் 1770இல் நிறுவலின்றிக் கூறினார். ஆறாம் அடுக்கிற்குரிய எல்லையைக் காண்பதே பிள்ளை தீர்த்த சிக்கல்.

எண்ணின் இயல்பு

மூன்றின் ஆறாம் அடுக்கு 729. ஆகவே 703ஐ ஆக்குவதற்கு 1, 64 ஆகிய இரண்டு அடுக்குகளே பயன்படும். பத்து 64கள் சேர்ந்து 640 ஆகும். எஞ்சும் 63ஐ ஒன்றுகளால்தான் நிரப்ப வேண்டும். ஆக, 73 உறுப்புகள் இன்றியமையாதவை. அடுக்கு உயரும்போது இவ்வகை எண்கள் மிகப் பெரியனவாகின்றன. இருபதாம் அடுக்கில் 348,65,15,199 என்னும் எண்ணிற்கு 10,51,899 உறுப்புகள் தேவை. இக்கீழ் எல்லையைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே யோகான் ஆல்பிரெக்ட் ஆய்லர் சுட்டியிருந்தார். எனவே 703இன் இவ்வியல்பு பிள்ளையின் கண்டுபிடிப்பு அன்று.

நிறுவல்

73க்கு மேல் உறுப்புகளை வேண்டும் எண் ஒன்றுகூட இல்லை என்று காட்டுவதே கடினம், எண்களோ முடிவற்றவை. மிகப் பெரிய ஓர் எண்ணிற்கு அப்பாற்பட்டவற்றைப் பகுப்பாய்வு முறை கவனித்துக்கொள்ளும். அதற்குக் கீழுள்ளவற்றை வேறு வழியில் படிப்படியாக ஏறி அடைய வேண்டும். அடுக்கு சிறுக்கச் சிறுக்க இவ்விடைவெளியை நிரப்புவது அரிதாகிறது. 1936இல் பிள்ளையும் அமெரிக்கரான டிக்சனும் தனித்தனியே ஏழும் அதற்கு மேலுமான அடுக்குகளை ஆராய்ந்தனர். ஆறாம் அடுக்கு எஞ்சி நின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த பிள்ளை, 1940இல் இந்திய அறிவியல் கழக இதழில் அதற்குரிய எல்லை 73 என நிறுவினார். ஐந்தாம் அடுக்கின் எல்லை 37 எனச் சீன அறிஞர் சென் சிங்ருன் 1964இல் நிறுவினார். நான்காம் அடுக்கின் எல்லை 19 என்பது 1986இல் பாலசுப்பிரமணியன், தெசூயே, திரெசு ஆகியோரால் உறுதிப்பட்டது.

முடிவுரை

703க்கு 73 உறுப்புகள் தேவை என்பது எளிய கணக்கு. எந்த எண்ணிற்கும் 73 போதும் என்பதே பிள்ளையின் தேற்றம். எண்ணை மட்டும் கூறித் தேற்றத்தை விடும் குறிப்பு அவருடைய உழைப்பை மறைத்துவிடும். 1950 ஆகஸ்டு 31இல், ஹார்வர்டில் நிகழவிருந்த அனைத்துலகக் கணித மாநாட்டிற்குச் செல்லும் வழியில், கெய்ரோவுக்கு அருகே நேர்ந்த விமான விபத்தில் பிள்ளை உயிரிழந்தார். அவர் நிறுவிய எல்லை இன்றும் மாறாமல் நிற்கிறது.