அரிக்கமேட்டுச் சாயத் தொட்டியும் என் தலைக்கு அடித்த டையும்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீராம்பட்டினத்தில் வீட்டுக்கு வீடு வேலை ஆரம்பித்துவிடும். ஐந்தாம் வெள்ளிக்கிழமை செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்தார். அந்த வழக்கம் விட்டுப்போகாமல் இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து தேரை இழுத்துத் தொடங்கி வைக்கிறார். உறவுக்காரர்கள் எல்லாம் கூடுகிற நாள் அது.

இந்த வருடம் தேருக்குப் பத்து நாள் முன்னால் என் மனைவி ஆரம்பித்தாள். "என்னங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் வர்றாங்க. ஒரு தடவை தலைக்கு டை அடிச்சுக்குங்களேன்." கல்லூரியில் படிக்கும் பேத்தி அதைக் கேட்டுவிட்டு, மறுநாளே பெரிய மார்க்கெட் பக்கமிருந்து இரண்டு பாக்கெட் வாங்கி வந்துவிட்டாள். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. "கருப்பு மருதாணி தாத்தா, மூலிகைதான், பயப்படாதீங்க" என்றாள். எனக்குத் திக்கென்றது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து 2010ல் ஓய்வு பெற்றவன். நாற்பது வயதிலிருந்தே தலைக்கு டை அடித்து வந்தேன். இருபது வருடம் ஒன்றும் ஆகவில்லை. பிரிவு உபசார விழாவுக்கு முதல் நாள், எப்போதும் வாங்குவது கிடைக்காததால், மூலிகைப் படம் போட்ட வேறொரு பாக்கெட்டை வாங்கி, கொட்டாங்குச்சியில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தடவிக்கொண்டேன். இராத்திரி காது மடலில் அரிப்பு. விடியற்காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. நெற்றியும் இமையும் வீங்கிப் போயிருந்தன. மாலையும் சால்வையுமாக நான் நிற்கும் அந்தப் போட்டோவில் என் முகம் என் முகமாகவே இல்லை. இன்றும் அதைச் சுவரில் மாட்டவில்லை. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "இனிமேல் இந்தக் கருப்பு டை உங்களுக்கு ஆகாது. அடுத்த தடவை இதைவிட மோசமாக வரும். மூச்சு அடைத்தாலும் அடைக்கும்" என்றார். அன்றோடு விட்டேன்.

விட்டது டையைத்தான். அது என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்கிற கேள்வியை விடவில்லை. கலவைக் கல்லூரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆதலால், பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைப் புரட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. தேடத் தேட, அந்தக் கதை சுற்றிச் சுற்றி எங்கள் ஊர் வாசலுக்கே வந்து நின்றது.

எங்கள் ஊரை ஒட்டி, ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1769ல் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தார் லெ ழாந்தீய் என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர். அன்றைக்கென்று பார்த்து மேகம் மூடிவிட்டது, பாவம். ஆனால் அவர்தான் வீராம்பட்டினத்தார் மண்ணைத் தோண்டிப் பெரிய பெரிய பழஞ்செங்கற்களை எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தவர். 1945ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். ரோமாபுரி மதுச்சாடிகளும் இத்தாலிய மட்பாண்டங்களும் கிடைத்தன. செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன. அவை துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் என்று வீலர் கருதினார். எல்லாரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனாலும் சாயமும் துணியும் இந்தக் கரையின் தொழில் என்பதில் சந்தேகமில்லை.

அதே காலத்து ரோமாபுரியில் பிளினி என்பவர் இருந்தார். இந்தியச் சரக்குக்காக வருடத்துக்கு ஐந்து கோடி நாணயம் போகிறதே என்று புலம்பியவர் அவர்தான். அவர் எழுதிவைத்த நரை மருந்தைக் கேளுங்கள். அட்டைப் பூச்சிகளைக் காடியில் போட்டு, ஈயப் பாத்திரத்தில் அறுபது நாள் அழுகவிட்டு, அதை வெயிலில் நின்று தலையில் தேய்க்க வேண்டுமாம். தேய்க்கும்போது வாயில் எண்ணெய் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பல்லும் கருத்துப்போகுமாம்! நரையை மறைக்க மனுஷன் எந்த விஷத்துக்கும் தயார் என்பது இரண்டாயிரம் வருடத்துக் கதை.

நம்மிடம் இருந்தது அவுரி. நீலி என்றும் சொல்வார்கள். அதன் இலையை நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் காற்றுப்படக் கலக்கினால் நீலம் திரண்டு அடியில் படியும். கிரேக்கரும் ரோமரும் அதற்கு வைத்த பெயர் 'இந்தியச் சரக்கு' என்ற பொருள்படும். இண்டிகோ என்ற சொல் அப்படி வந்ததுதான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி வட்டாரத்தில் அவுரி நீலம் தோய்த்த துணி 'கினே' என்ற பெயரில் கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே அது பணம் மாதிரி. துணியைக் கொடுத்து வேலம்பிசின் வாங்குவார்கள். புதுச்சேரியில் பஞ்சாலைகள் எழுந்ததற்கு இந்த வியாபாரமும் ஒரு காரணம்.

அந்த அவுரியை வீழ்த்தியது நிலக்கரித் தார். அதுவும் எப்படி? 1826ல் ஒரு ஜெர்மானியர் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்து ஓர் எண்ணெயை எடுத்தார். பின்னால் அதற்கு 'அனிலின்' என்று பெயர் வைத்தார்கள். 'அனில்' என்றால் போர்த்துக்கீசிய மொழியில் அவுரி. அது அரபியில் 'அல் நீல்', அதற்கும் மூலம் நம் நீலம். அதே அனிலினை நிலக்கரித் தாரிலிருந்தும் எடுக்கலாம் என்று தெரிந்தது. 1856ல் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் லண்டனில் அதிலிருந்து ஊதாச் சாயம் செய்தான். 1897ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்திய அவுரி வியாபாரம் படுத்துவிட்டது.

அந்த அனிலின் குடும்பத்தில் பிறந்த இன்னொரு பிள்ளைதான் பாரா ஃபினைலின் டைஅமின், சுருக்கமாக பி.பி.டி. 1883ல் பிரான்சில் ஒரு கம்பெனி இதை முடிச்சாயமாகப் பதிவு செய்தது. 1907ல் பாரிசில் யூஜேன் ஷ்யூலேர் என்ற இளம் ரசாயனர் தலைச்சாயம் தயாரித்து முடிதிருத்தகங்களுக்கு விற்றார். 1909ல் கம்பெனி தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'தீங்கற்ற தலைச்சாயங்களின் பிரெஞ்சுக் கம்பெனி'. இன்றைய லோரேயால் அதுதான். பெயரிலேயே 'தீங்கற்ற' என்று போட வேண்டியிருந்தது என்றால், ஈயமும் வெள்ளி உப்பும் கலந்த அந்நாளைய சாயங்கள் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பி.பி.டி. வேலை செய்யும் விதம் இது. சிறிய மூலக்கூறுகளாக முடிக்குள் நுழையும். கூடவே கலக்கும் பெராக்சைடு அதை ஆக்சிஜனோடு சேர்த்துப் பெரிதாக்கும். பெரிதானது வெளியே வர முடியாமல் உள்ளே தங்கிக் கருப்பாகும். ஆனால் சாயம் முற்றும் வரை உள்ள அந்த இடைநிலைச் சரக்குதான் சிலர் தோலுக்கு ஆகாது. இருபது வருடம் சும்மா இருந்த உடம்பு ஒரு நாள் திடீரென்று எதிர்க்கும். ஐரோப்பாவில் தலையில் படும் கலவையில் இது 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சட்டமே உண்டு. தவறி வயிற்றுக்குள் போனாலோ தொண்டை வீங்கி, சிறுநீரகம் கெட்டு, உயிருக்கே ஆபத்து. மாற்று மருந்து கிடையாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பாக்கெட்டைப் பூட்டி வையுங்கள்.

இப்போது பேத்தியிடம் வருகிறேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு அவள் வாங்கிவந்த பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். பொடி எழுத்தில் இருந்தது அதே பெயர். "அம்மா, மருதாணி இலை எந்தக் காலத்திலும் கருப்பு தராது. சிவப்புதான் தரும். கருப்பு மருதாணி என்றாலே அதில் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்" என்றேன். அவள் சிரித்தாள். "உனக்குப் பத்து வயசில் திருவிழாவில் கையில் கருப்புக் கோலம் போட்டுக்கொண்டு கொப்புளம் வந்ததே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. அப்படி ஒரு தடவை கொப்புளம் வந்தவர்களுக்கு, பின்னால் தலைக்கு டை அடித்தால் கடுமையாக வரும் என்பதைச் சொன்னேன். அவள் தன் பாக்கெட்டையும் சேர்த்து என் கையில் கொடுத்துவிட்டாள். எனக்கு அதுவே போதும்.

டை அடிக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சில வார்த்தை. முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கப் பட்டியலைப் பாருங்கள். 'அம்மோனியா இல்லை' என்றால் பி.பி.டி. இல்லை என்று பொருளல்ல. எத்தனை வருடம் அடித்திருந்தாலும், ஒவ்வொரு தடவையும் பாக்கெட்டில் சொல்லியிருக்கிறபடி முழங்கை மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, சிவப்பு எது வந்தாலும் விட்டுவிடுங்கள். புருவத்துக்குத் தொடவே வேண்டாம்.

மனைவியின் ஆசையையும் தட்ட முடியவில்லை. நாட்டு மருந்துக் கடையில் வேறு எதுவும் கலக்காத மருதாணிப் பொடியும் அவுரிப் பொடியும் வாங்கினோம். இவைகூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், முதலில் கையில் தடவி இரண்டு நாள் பார்த்தோம். பிறகு மருதாணியை இராத்திரி ஊறவைத்து, காலையில் இரண்டு மணி நேரம் தலையில் வைத்து அலசினோம். தலை ஆரஞ்சு நிறம். அவுரியை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கால் மணி நேரத்தில் பூசி, ஒரு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசினோம். முதலில் பச்சை கலந்த நீலம். பேத்தி வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு நாளில் காற்றுப் பட்டுப் பட்டுக் கருத்துவிட்டது.

புறநானூற்றில் பிசிராந்தையார், வயதாகியும் தமக்கு நரை வராததற்குக் காரணம் நல்ல மனைவி, மக்கள், நல்ல அரசன், சான்றோர் வாழும் ஊர் என்று அடுக்குகிறார். எனக்கு நரை வந்துவிட்டது. அதற்காக மனைவி மக்களையோ ஊரையோ குறை சொல்ல மாட்டேன். தேர் அன்று வடத்தில் கை வைத்தபோது, சம்பந்தி "என்ன, பத்து வயசு குறைஞ்சாப்பல இருக்கு?" என்றார். "எல்லாம் நம்ம ஊர் பழைய சரக்குதான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.