“இது பேய்ப்பட நோட்டீசா தம்பி?”: தோட்டங்களில் மனநலம் பேசும் சுவரொட்டிகள்

1977 வன்செயலுக்குப் பிறகு இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தது கிளிநொச்சியில். 2009இல் முகாமில் இருந்தபோது மனநலம் பற்றிய துண்டுப்பிரசுரங்கள் பல கைக்கு வந்தன. ஒன்றையாவது முழுமையாக வாசித்த நினைவில்லை. பின்னாளில் வரைகலை வடிவமைப்பாளனான நானே அதே தவறைச் செய்தேன்.

கேகாலைப் பக்கத் தோட்டமொன்றுக்குச் சுவரொட்டி கேட்டிருந்தார்கள். அந்த மாவட்டத்தில் 2016 மே 17 அன்று அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிவு பல உயிர்களைக் கொண்டுபோனது. புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயத்துக் குடும்பங்களும் புதையுண்டன. மழை இருட்டினாலே தூக்கம் தொலைக்கும் மக்களுக்காக நான் செய்தது இது: கறுப்புப் பின்னணி, தலையை இரு கைகளாலும் பிடித்த உருவம், வழியும் சிவப்பு எழுத்தில் ‘மனச்சோர்வு’. கொழுந்து மடுவத்தில் ஒட்டியபோது ஓர் அம்மா கேட்டார்: “இது பேய்ப்பட நோட்டீசா தம்பி?”

அதன் பிறகு கற்றுக்கொண்டவற்றை இங்கே தருகிறேன். வடக்கு கிழக்கில் இந்த வேலையைச் செய்வோருக்கும் இவை உதவும்.

படம். தலையைப் பிடித்திருக்கும் உருவம் நோயை மட்டுமே காட்டுகிறது, உதவியைக் காட்டுவதில்லை. இங்கிலாந்தில் ‘டைம் டு சேஞ்ச்’ இயக்கம் அத்தகைய படங்களை ஊடகங்கள் கைவிட வேண்டும் என்று தனிப் பிரசாரமே நடத்தியது. கயிறு, மருந்துப் போத்தல் போன்ற படங்கள் அறவே வேண்டாம். உயிர்மாய்ப்பு முறையைச் சித்திரிக்கக் கூடாது என்பது ஊடகங்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இரண்டாவது முறை, இஸ்தோப்பில் அமர்ந்து ஒருத்தி பேச இன்னொருத்தி கேட்கும் படத்தை வரைந்தேன்.

சொல். ‘மனச்சோர்வு’ வைத்தியரின் சொல். தோட்டத்தில் கேட்டது “ஒரே யோசனையா இருக்கு”, “ராவுல தூக்கமில்ல”, “நெஞ்சு படபடங்குது”. தலைப்புக்கு இவையே பொருந்தின. பேராசிரியர் தயா சோமசுந்தரம் தமது தமிழ் நூலுக்கு வைத்த ‘மனவடு’ என்ற பெயர் இதற்கு நல்ல முன்மாதிரி. வடு என்றால் என்னவென்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மறுபுறம், ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயரே நம்மிடையே வசைச்சொல்லாகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு அஞ்சித்தான் பலர் உதவி தேடுவதில்லை.

எழுத்து. மும்மொழிச் சுவரொட்டிகளில் பெரும்பாலும் சிங்களத்துக்கு அளவெடுத்த பெட்டிக்குள் தமிழைத் திணிக்கிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் எழுத்தைச் சிறிதாக்குகிறார்கள். முதலில் தமிழை வைத்து இடத்தைத் தீர்மானியுங்கள். ிகரமும் ுகரமும் மேலும் கீழும் நீள்வதால், வரிகளுக்கிடையே எழுத்தளவின் ஒன்றரை மடங்கு இடைவெளி விடுங்கள். சாய்வெழுத்தும் அலங்கார எழுத்தும் வேண்டாம். புள்ளி வைத்த எழுத்தில் வரியைத் தொடங்காதீர்கள். பத்தடி தூரத்திலிருந்து வாசிக்க வேண்டிய தலைப்புக்கு ஓர் அங்குல உயரமாவது தேவை.

அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளை உருவரையாக மாற்றி பிடிஎப் ஆக்குங்கள். இல்லாவிட்டால் கொம்பு ஓரிடமும் எழுத்து வேறிடமுமாகச் சிதறும், புள்ளிகள் காணாமற்போகும். எனது ஒரு பிரதியில் ‘பேசுங்கள்’ என்பது ‘பேசுஙகள’ என்று அச்சாகியிருந்தது. பிழைத் தமிழில் வந்த அறிவித்தல்களோடு வாழ்ந்தே பழகியவர்கள் நாங்கள். அத்தகைய தாள் ஒன்று “உங்களைக் கேட்கிறோம்” என்று சொன்னால் யார் நம்புவார்?

வாசிப்பவர். சப்ரகமுவத் தோட்டப் பிள்ளைகளில் பலர் சிங்களப் பாடசாலைகளில் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் பேச்சுமொழி, வாசிப்பு சிங்களத்தில். முதியவர்களில் சிலருக்கு எந்த மொழியிலும் வாசிப்பில்லை. எனவே இரு மொழியும் ஒரே அளவில் இருக்கட்டும், செய்தி நான்கு வரியைத் தாண்டாதிருக்கட்டும், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றிலும் பெரிதாக இருக்கட்டும். அதே செய்தியைக் குரற்பதிவாக வட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்.

இடம். இதில்தான் அதிகம் தவறினேன். லயத்தில் ஒருவர் ஒரு தாளின் முன் நின்றால் பத்துப் பேர் பார்ப்பார்கள். கிழித்தெடுக்கும் இலக்கத் துண்டுகளை ஒருவரும் தொடவில்லை. பிறகு சட்டைப்பைக் கலண்டர் அச்சிட்டோம். முன்பக்கம் மாதங்களும் திருவிழா நாட்களும், பின்பக்கம் இரண்டு வரியும் இலக்கமும். பால்வெட்டப் போகிறவர் சட்டைப்பையிலும், பிள்ளைக்காம்பரா ஆயாவின் கைப்பையிலும் அது கூச்சமின்றித் தங்கியது.

நாங்கள் அச்சிட்டது 1926, தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணிநேர இலக்கம். எந்த இலக்கமானாலும், அச்சிடுமுன் இரவில் ஒருமுறை நீங்களே அழைத்துத் தமிழில் பேசிப் பாருங்கள். மறுமுனையில் தமிழ் கேட்கும் ஆள் இல்லையென்றால், அந்தக் குறையைத் தீர்க்கப் போராடுவதுதான் முதல் வேலை. சுவரொட்டி அதற்குப் பிறகு வரட்டும்.